சக்கர வீட்டில் ஒரு சிறு பரண்

விடுமுறை என்றால் ஊருக்குப் புறப்படுவது என்பதே நம் குடும்பங்களின் நெடுநாளைய வழக்கம். புனே நகரில் முப்பத்தைந்து ஆண்டுகள் தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வு பெற்ற எனக்கும், ரயிலில் இடம் கிடைக்குமா என்பதே ஒவ்வொரு கோடையின் முதற் கவலையாக இருந்தது. நாம் குடிவந்த நாட்டின் மலைகளையும் ஏரிகளையும் காணவேண்டும் என்ற ஆவல் என் தலைமுறையில் பலருக்கு எழவில்லை. என் மகனுக்கு எழுந்தது. அவன் ஒரு மாலை, பழைய டிரெய்லர் ஒன்றை விலைக்கு வாங்கிக் காரின் பின்னால் பூட்டிக்கொண்டு எங்கள் குடியிருப்பின் வாசலில் வந்து நின்றான். அண்டை வீட்டு மராட்டிய நண்பர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதில் கோழி வளர்க்கலாம்" என்றார்.

என் மருமகள் சிரிக்கவில்லை. "மாமா, குழந்தையை இதில் எங்கே படுக்க வைப்பது?" என்று என்னைக் கேட்டாள். பேத்திக்கு அப்போது இரண்டரை வயது. அக்கேள்விக்கு விடை காண எங்களுக்கு ஆறு மாதம் ஆயிற்று. நம் சங்கத்து இளங்குடும்பங்கள் சிலவும் இத்தகைய வண்டி வாங்கும் எண்ணத்தில் இருப்பதாக அறிகிறேன். அவர்களுக்குப் பயன்படுமென்று கருதியே இதனை எழுதுகிறேன்.

முதலில் வண்டியைப் பற்றிச் சில சொற்கள். முன்புறம் உருண்டு, பின்புறம் சரிந்து இறங்கும் வடிவத்தால் இதனைக் கண்ணீர்த்துளி வண்டி என்கிறார்கள். 1930-களில் அமெரிக்காவில் தோன்றி, இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கே பெருவழக்காயிற்று. கைத்தொழில் இதழ்கள் வரைபடங்களை வெளியிட, மக்கள் தம் வீட்டுக் கொட்டகைகளிலேயே இதைச் செய்துகொண்டனர். எட்டடி நீளம், நான்கடி அகலம் என்பது இதன் பழைய அளவு. ஒட்டுப்பலகை அந்த அளவில் விற்கப்படுகிறது என்பதே அதற்குக் காரணம்! உள்ளே படுக்கை மட்டும் உண்டு. நிமிர்ந்து நிற்க இயலாது. பின்புறத்து மூடியைத் தூக்கினால் அதன் கீழே சமையல் மேடை.

நான்கடி அகலத்தில் பெரியவர் இருவர் படுக்கலாம். நடுவில் ஒரு குழந்தையை இட்டால் மூவருக்கும் உறக்கம் இராது என்பதை, குடியிருப்பின் முற்றத்தில் ஓர் இரவு படுத்துப் பார்த்தே அறிந்துகொண்டோம். ஆகவே பெற்றோரின் கால்மாட்டில், மெத்தைக்கு ஒன்றரை அடி உயரத்தில், குறுக்காக ஒரு பரண் அமைத்தேன். நீளம் வண்டியின் அகலமான நான்கடி. அகலம் இருபது அங்குலம். பேத்தியின் உயரம் மூன்றடிக்கும் குறைவு. பலகையைத் தாங்க இரு பக்கச் சட்டங்களிலும் அலுமினியக் கோணங்களைப் போல்ட்டால் முடுக்கினேன். ஆணியை நம்பவில்லை, வண்டி குலுங்கக் குலுங்க ஆணி தளரும். இருபத்தைந்து கிலோ அரிசிப் பைகள் இரண்டை ஓரிரவு முழுவதும் அதன்மேல் வைத்துப் பார்த்தபின்பே குழந்தையை ஏற்றினோம். திறந்த பக்கத்தில் கெட்டித் துணியாலான வலைத் தடுப்பு. பலகைக்கும் சுவருக்கும் இடையே குழந்தையின் கைமுட்டி நுழையும் சந்துகூட இராதபடி பார்த்துக்கொண்டேன். தடுப்பை மீறி விழுந்தாலும் விழும் இடம் தந்தையின் கால்தான்.

பரண் அமைந்தது, உறக்கம் அமையவில்லை. பேத்தி பிறந்தது முதல் தூளியில் உறங்கிப் பழகியவள். என் மனைவி வண்டிக்குள்ளேயே தூளி கட்டலாம் என்றாள். கூரைச் சட்டங்கள் மெல்லியவை. தொங்கும் பாரத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல. உள்ளுயரமோ தூளி தொய்வதற்கே போதாது. மேலும், ஏறி இறங்கக் கற்ற குழந்தை தூளித் துணியில் தானே விளையாடிக் கழுத்தில் சுற்றிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. இறுதியில் மனைவியே வழி கண்டாள். தூளியாகக் கட்டியிருந்த அந்தப் பழைய நூல் புடைவையை நான்காக மடித்துப் பரணின் மெத்தைமேல் இறுக விரித்துத் தைத்தாள். ஒரு வாரம் முற்றத்திலேயே வண்டியை நிறுத்தி, இரவுதோறும் சிறிது நேரம் குழந்தையை அதில் படுக்க வைத்துப் பழக்கினோம். ஐந்தாம் நாள் எங்களை அழைக்காமலே உறங்கிவிட்டாள். புறப்படுமுன் இந்த ஒரு வார ஒத்திகையை எவரும் விடலாகாது.

டிசம்பரில் பண்டார்தராவுக்குப் புறப்பட்டோம். சங்கம்னேர், அகோலே, ராஜூர் வழியாகச் சஹ்யாத்ரி மலைக்குள் செல்லும் பாதை. மகாராஷ்டிரத்தின் மிக உயர்ந்த சிகரமான 1646 மீட்டர் கல்சுபாய் அங்கேதான் இருக்கிறது. நெடுஞ்சாலையில் வண்டி அறுபது கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் பின்னால் வாலைப் போல் ஆடத் தொடங்கியது. மகன் மெல்ல வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டினான். காரணத்தைக் கண்டபோது எனக்கு வெட்கமாயிற்று. இருபது லிட்டர் நீர்க்கலங்கள் இரண்டைப் பின்புறச் சமையல் அறையில் வைத்தவன் நானே. மாட்டு வண்டி ஓட்டிய என் பாட்டனார் முன்பாரம் பின்பாரம் பாராமல் ஒரு மூட்டையும் ஏற்றமாட்டார். டிரெய்லருக்கும் அதே கணக்கு: மொத்த எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு காரின் கொக்கியில் அமரவேண்டும். எங்கள் வண்டி சாமான்களுடன் ஏறத்தாழ 450 கிலோ. ஆதலின் கொக்கியில் 45 கிலோவுக்குக் குறையலாகாது. கலங்களை அச்சுக்கு முன்னே மாற்றியதும் ஆட்டம் நின்றது.

அடுத்து நேர்ந்ததை எழுத இன்றும் கை தயங்குகிறது. நாராயண்காவ் அருகே தேநீர் அருந்த நிறுத்தினோம். காரின் குழந்தை இருக்கையில் கட்டுண்டு சலித்திருந்த பேத்தியைச் சற்று விளையாடட்டும் என்று டிரெய்லருக்குள் விட்டோம். இவ்வண்டிக்கு இரு புறமும் கதவு உண்டு. இடப்புறக் கதவருகே மருமகள் நின்றாள். குழந்தை உள்ளே தவழ்ந்து சென்று வலப்புறக் கதவின் கைப்பிடியை அழுத்திவிட்டது. கதவு சாலையை நோக்கித் திறந்தது. ஒரு லாரி காற்றை வீசிக்கொண்டு கடந்தது. மருமகள் உள்ளே பாய்ந்து சட்டையைப் பற்றி இழுத்தாள். அன்று எவரும் தேநீர் அருந்தவில்லை.

அக்கதவுக்கு இப்போது உட்புறத்தில், மேல் விளிம்பை ஒட்டி, பெரியவர் கைக்கு மட்டும் எட்டும் தாழ்ப்பாள் ஒன்று உண்டு. முகாமில் இறங்கிய பின்னரே அதைத் திறக்கிறோம். தீ போன்ற அவசரத்துக்கு இரண்டாம் வழியும் வேண்டுமல்லவா? நம் நாட்டில் இடப்புறமாகச் செல்கிறோம். வலப்புறக் கதவு எப்போதும் போக்குவரத்தை நோக்கியே திறக்கும். ஓடும்போது டிரெய்லருக்குள் ஒருவரும் இருக்கலாகாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? குழந்தையின் இடம் காரில், அதற்குரிய இருக்கையில். பதினான்கு வயதுக்குட்பட்டோரைப் பட்டையாலோ குழந்தை இருக்கையாலோ பிணைக்காமல் ஓட்டினால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்று 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் விதித்திருக்கிறது.

பண்டார்தராவில் ஏரிக்கரை இரவு குளிர்ந்தது. முகாம் காவலர் அன்புடன் ஒரு சட்டி நிறையக் கரிக்கணப்பைக் கொண்டுவந்து, "குழந்தைக்கு உள்ளே வையுங்கள்" என்றார். வெளியே வைத்துக் கைகாய்ந்துவிட்டு, படுக்குமுன் நீரூற்றி அணைத்தோம். கரி எரியும்போது எழும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் நிறமும் இல்லை. மூடிய அறையில் அங்கீட்டி வைத்து உறங்கியவர்கள் எழாமற்போன செய்தி வடநாட்டில் குளிர்காலந்தோறும் வருகிறது. எட்டடிப் பெட்டியில் அதற்கு வேண்டிய நேரம் இன்னும் குறைவு. சமையல் அடுப்புக்கும் இதுவே விதி. குளிருக்குக் கம்பளிக் காலுறையும் குல்லாயும் போதுமானவையாக இருந்தன. ஆயினும் சன்னல்களை முற்றும் அடைத்துப் படுத்ததால் விடியலில் சுவரெல்லாம் நீர் வழிந்தது. மூவரின் மூச்சின் ஈரம்! மறுநாள் முதல் எதிரெதிர்ச் சன்னல்களை இரண்டு விரற்கடை திறந்து, கொசுவலை இட்டு உறங்கினார்கள். நானும் மனைவியும் அருகே கூடாரத்தில். பகலுறக்கத்துக்கு மட்டும் மரக்கிளையில் தூளி கட்டி, மனைவி பக்கத்திலேயே அமர்ந்திருந்தாள்.

பின்புறச் சமையல் மேடையில் அடுப்பு இழுபலகையில் அமைந்திருந்தது. அதன் உயரம் பேத்தியின் முகத்துக்கு நேர். அதை அகற்றி மேல்மேடைக்கு மாற்றினோம். சமைப்பவர் ஒருவர், குழந்தையைப் பார்ப்பவர் ஒருவர். புளியோதரையும் இட்லிப்பொடியும் கையிலிருந்தால் முதல் நாள் அடுப்பே வேண்டாம்.

வாங்குவோர் முதலில் ஆவணங்களைப் பார்க்கவேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் மோட்டார் வாகனம் என்ற சொல்லுக்குள் டிரெய்லரும் அடங்கும். ஆதலின் பதிவு உண்டு. வெளிவடிவத்தை வெட்டி மாற்றுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தைக் கேட்டறியுங்கள். நாங்கள் உட்புறத்தை மட்டுமே தொட்டோம்.

அடுத்த மே மாத இறுதியில் மீண்டும் அங்கே சென்றோம். மழைக்கு முந்தைய அந்தச் சில வாரங்களில் பண்டார்தராவின் மரங்களில் மின்மினிகள் கூட்டங்கூட்டமாக ஒளிரும். விளக்கை அணைத்துவிட்டு, பரணில் மண்டியிட்டுச் சன்னல் வலையில் மூக்கை அழுத்தியபடி பேத்தி நெடுநேரம் பார்த்திருந்தாள். காலையில் பரண் சுவரில் அவள் உயரத்தைப் பென்சிலால் குறித்தேன். ஆறு மாதத்தில் ஏறத்தாழ ஒன்றரை அங்குலம். நான்கடியை எட்ட இன்னும் மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். பலகையை நீட்ட இடமில்லை. அதற்குள் வேறு வழி கண்டாக வேண்டும்.