சுவரை உடைத்துக் குழாய் பதிக்கலாமா?

மயிலாப்பூரில் வீடு கட்டிய எவரும் அறிந்த விஷயம் ஒன்றுண்டு. சுவர் எழும்பும்போதே மின்கம்பிக்குக் குழாய் பதித்துவிட்டால் செலவு சொற்பம். பூச்சு முடிந்த பின் பதிக்கப் புகுந்தாலோ, சுவரை உடைக்க வேண்டும், மறுபடி பூச வேண்டும், வர்ணமும் அடிக்க வேண்டும். கொத்தனாருக்குத் தெரிந்த இக்கணக்கு, இணையதளம் அமைக்கும் அரசு இலாகாக்களுக்கும் வங்கிகளுக்கும் மட்டும் ஏனோ விளங்கவில்லை.

பார்வையற்றவர் கணினியைப் பயன்படுத்துவது எங்ஙனம்? திரையிலுள்ள எழுத்துக்களை ஒரு மென்பொருள் உரக்கப் படித்துக் காட்டுகிறது. அதற்கு எழுத்து எழுத்தாகவே இருத்தல் வேண்டும். அச்சிட்ட உத்தரவைப் படம் பிடித்து ஏற்றினால், அது வெறும் படமே. விண்ணப்பப் படிவத்தின் கட்டத்திற்குப் பெயர் குறிக்காவிடில், எதை எங்கே நிரப்புவதென்று அம்மென்பொருளால் சொல்ல இயலாது. தொடக்கத்தில் இது ஒரு வரி வேலை. நூற்றுக்கணக்கான படிவங்கள் ஏறிய பிறகோ, புதிய ஒப்பந்தம், புதிய சோதனை, புதிய தொகை!

தமிழராகிய நாம் இப்பாடத்தை ஏற்கெனவே ஒரு முறை விலை கொடுத்துக் கற்றவர்கள். யூனிகோடில் 1991லேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. ஆயினும் ஆளுக்கொரு எழுத்துரு என்று நாம் திரிந்தோம். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாடு குழப்பத்தைக் குறைக்கப் பொதுவான குறியேற்றங்களை வகுத்தது. அவ்வாண்டு மே மாதத்தில்தான், யாவரும் அணுகத்தக்க தளங்களுக்கான முதல் உலக விதிகளும் வெளிவந்தன. தமிழ்நாட்டு அரசு யூனிகோடை ஏற்றதோ 2010ல். இடைக்காலத்தில் ஏறிய பழைய எழுத்துருப் பக்கங்கள் கண்ணுக்குத் தமிழ். படித்துக் காட்டும் மென்பொருளுக்கோ பொருளற்ற அந்நிய எழுத்துக் குவியல். அவற்றைப் பக்கம் பக்கமாக மாற்றி மெய்ப்புப் பார்த்த உழைப்பிற்கு யார் கணக்கு வைத்தார்கள்?

பயன்படுத்துவோர் சிலர்தானே என்பார் உளர். 2011 ஜனத்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் மட்டும் மாற்றுத் திறனாளிகள் ஏறத்தாழ 11 லட்சத்து 80 ஆயிரம் பேர். தமது வங்கியின் இரகசிய எண்ணை அயலாரிடம் சொல்லிப் பணம் அனுப்ப நேரும் ஒருவருக்குச் சுதந்திரம் என்பதன் பொருள்தான் என்ன? அடையாறு ஐ.ஐ.டி.யில் தமிழை உரக்கப் படிக்கும் மென்பொருளை உருவாக்கியிருக்கிறார்கள். வாய் தயார், படிக்க எழுத்துத்தான் இல்லை!

சட்டத்திற்கும் குறைவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் இக்கடமையைத் தெளிவாகவே விதிக்கிறது. அதன்கீழ் எழுந்த 15ஆவது விதி வெறும் யோசனையாக நிற்பது சட்டத்திற்கு முரண் என்று சுப்ரீம் கோர்ட் 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. அமிலவீச்சால் முகம் சிதைந்தோரையும் பார்வையற்றோரையும் கண் சிமிட்டச் சொல்லி அடையாளம் கேட்கும் விபரீதம் அதே கோர்ட்டின் முன் வந்தது. இணையவழிச் சேவைகளை அணுகுவது உயிர் வாழும் உரிமையின் பகுதியே என்று 2025 ஏப்ரல் 30ல் தீர்ப்பாயிற்று.

பழையதெல்லாம் ஒரே நாளில் திருந்தாது என்பதை நாம் அறிவோம். அதுவன்று நமது கோரிக்கை. இனி வெளியாகும் ஒவ்வொரு டெண்டரிலும் இந்நிபந்தனை முதலிலேயே இடம்பெறட்டும். பார்வையற்ற ஒருவர் எவர் துணையுமின்றி அப்படிவத்தை நிரப்பி முடித்த பின்னரே, ஒப்பந்தக்காரருக்குக் கடைசித் தவணை கொடுக்கப்படட்டும்.