கூடிச் செய்யும் பாடம்

தம்பானூரில் புகைவண்டி நிலையமும் பேருந்து நிலையமும் ஒரே சாலையின் இருமருங்கிலும் எதிரெதிரே நிற்கின்றன. திருவனந்தபுரத்தில் குடியேறிய தமிழரில் இவ்விடத்தை அறியாதவர் இரார். நாகர்கோவிலிலிருந்து வந்து இறங்குவதும் பண்டிகைக்கு ஊர் திரும்ப வண்டி ஏறுவதும் இங்கேதான். பேருந்து நிலையத்தில் சிறிது நேரம் நின்று செவிகொடுத்தால், மார்த்தாண்டம் வண்டி எப்போது, கன்னியாகுமரி வண்டி எங்கே நிற்கும் என்னும் வினாக்கள் மலையாளத்திலும் தமிழிலும் மாறிமாறி எழுவதைக் கேட்கலாம். கேட்பவர், விடையிறுப்பவர், கால அட்டவணை, அதனை வேளைதோறும் திருத்துபவர் ஆகிய இவை யாவும் சேர்ந்ததே ஒரு தகவல் முறைமை. கம்ப்யூட்டர் அதனுள் ஓர் உறுப்பேயன்றி முழுவதும் அன்று.

இத்தகைய முறைமை ஒன்றைக் கூடி ஆக்குவதே கல்லூரிகளில் ஒரு பாடமாக உள்ளது. 2014-ஆம் ஆண்டில் தோன்றி இந்நகரைத் தலைமையிடமாகக் கொண்ட அப்துல் கலாம் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் 2019-ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில், கணினிப் பொறியியல் மாணாக்கர் மூவர் அல்லது நால்வராகச் சேர்ந்து ஆறாம் பருவத்தில் ஒரு சிறு திட்டப்பணி செய்யவேண்டும். இறுதியாண்டில் பெரிய பணியொன்று வருகிறது. பிள்ளைகள் இதனை 'புராஜெக்ட்' என்பார்கள். இரவில் விளக்கணையாத வீடுகளிலெல்லாம் இச்சொல் பெற்றோருக்குப் பழக்கமாகிவிட்டது. "நான் ஒருத்தி செய்தேன், நாலு பேருக்கும் மதிப்பெண்" என்று மகள் கண்ணீர் விடுவதும் பழக்கமே. அந்தக் குறையில் நியாயம் உண்டா என்பதைப் பார்ப்போம்.

நால்வர் சேர்ந்து பேருந்து நேரம் அறிவிக்கும் முறைமை ஒன்றைச் செய்வதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் திரையை அமைக்கிறார், ஒருவர் தரவுத்தளத்தை, ஒருவர் இரண்டையும் இணைக்கும் நிரலை, ஒருவர் சோதனையையும் அறிக்கையையும். பங்கீடு எளிது. பங்குகளைப் பொருத்தும் நாளில்தான் இடர் தொடங்குகிறது. தரவுத்தளம் அமைத்தவர் 'புறப்படும் நேரம்' என்று எழுதியது நிலையத்தை விட்டு வண்டி நகரும் நேரம். திரை அமைத்தவர் அதனை வண்டி வந்து நிற்கும் நேரமாகக் கொண்டுவிட்டார். இருவரும் பிழை செய்யவில்லை. ஆயினும் பயணி வண்டியைத் தவறவிடுவார்.

மொழிபெயர்ப்பாளராகிய நமக்கு இது புதிதன்று. நீண்ட ஆண்டறிக்கை ஒன்றை ஒருமுறை நால்வர் பங்கிட்டு மொழிபெயர்த்தோம். ஒரே அலுவலகத்தை ஒருவர் 'இயக்ககம்' என்றார், ஒருவர் 'இயக்குநரகம்' என்றார், மற்றொருவர் 'டைரக்டரேட்' என்றே விட்டுவிட்டார். படித்தவர் அரசுக்கு மூன்று அலுவலகங்கள் இருப்பதாகவே கருதியிருப்பார். மொழிபெயர்க்கப் பிடித்த நாட்களினும் சொற்களை ஒன்றாக்கப் பிடித்த நாட்கள் மிகுதி. பொதுச் சொற்பட்டியல் ஒன்றை முதல் நாளே எழுதியிருக்கலாம். அந்த அறிவு பின்னரே வந்தது.

இவ்விடரை அமெரிக்கர் பிரெடரிக் புரூக்ஸ் 1975-இல் வெளியிட்ட நூலில் கணக்கிட்டே காட்டினார். ஐ.பி.எம். நிறுவனத்தில் பெரியதொரு மென்பொருட் பணியை நடத்தியவர் அவர். நால்வர் பணிபுரிந்தால் ஒருவரோடொருவர் பேசவேண்டிய தொடர்புகள் 6, எண்மரானால் 28. ஆட்கள் இருமடங்காகும்போது பேச்சு நான்கு மடங்குக்கு மேலாகிறது. பிந்திவிட்ட பணியில் மேலும் ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் பிந்தும் என்பது அவர் கண்ட முடிவு. கல்லூரிக் குழு சிறிதாக இருப்பதன் பொருத்தம் இதனால் விளங்கும்.

பல்கலைக்கழகம் எவர் பெயரைத் தாங்குகிறதோ அவரும் இப்பாடத்தைக் கற்றவரே. குரோம்பேட்டையிலுள்ள சென்னைத் தொழில்நுட்பக் கல்விக்கூடத்தில் பயின்றபோது, கலாமுக்கும் வேறு நால்வருக்கும் தாழப் பறந்து தாக்கும் விமானம் ஒன்றை வடிவமைக்கும் பணி தரப்பட்டது. காற்றியக்க வடிவமைப்பு அவர் பங்கு. உந்துவிசை, கட்டமைப்பு, கட்டுப்பாடு, கருவிகள் ஆகியவை மற்றவருடையவை. பணி மெதுவாக நகர்வதைக் கண்ட பேராசிரியர் ஸ்ரீநிவாசன், மூன்று நாட்களில் முடிக்காவிட்டால் உதவித்தொகை நிறுத்தப்படும் என்றார். உதவித்தொகையின்றிப் படிப்பைத் தொடர இயலாத இராமேசுவரத்துப் பிள்ளை அவர். இரவு உறங்காமல் வரைபலகையின் முன் நின்று முடித்தார். இதனை விடாமுயற்சிக்குச் சான்றாகவே பலரும் எடுத்துரைப்பர். நம் கவனத்தை ஈர்ப்பது வேறொன்று: குழுவில் ஐவர் இருந்தும், யாருடைய பங்கு எது என்பது ஆசிரியருக்குத் தெரிந்திருந்தது.

மகளின் கண்ணீருக்கு மருந்து அங்கேதான் இருக்கிறது. தேர்வாளர் குழுவின் படைப்பை மட்டும் பாராமல், ஒவ்வொருவரையும் தனித்தனியே வினவி அவருடைய ஈடுபாட்டையும் அளக்கவேண்டும். 2005-இல் தோன்றிய 'கிட்' என்னும் கருவி, நிரலின் எந்த வரியை யார் எந்நாளில் எழுதினார் என்று பதிந்துவைக்கிறது. அதனையும் சான்றாகக் கொள்ளலாம். ஆனால் வரிகளை எண்ணுவது முழு நீதியாகாது. இரண்டு பிற்பகல்கள் தம்பானூரில் நின்று, மலையாளம் படிக்கத் தெரியாத முதிய தமிழ்ப் பயணியர் என்னென்ன கேட்கிறார்கள் என்று குறித்துவந்து, திரையில் தமிழும் வேண்டும் என்று குழுவினரை இணங்கச் செய்த பெண்ணின் பெயர் நிரலில் ஒரு வரியிலும் இராது. அம்முறைமை அந்த முதியவருக்குப் பயன்படுவது அவளாலேயே.

ஆகவே பிள்ளைகளிடம் நாம் சொல்லக்கூடியது ஒன்றுண்டு. ஒரு குறிப்பேடு வாங்கிக் கொடுத்து, வாரந்தோறும் தாம் என்ன கேட்டோம், என்ன முடிவுசெய்தோம், எதனை எழுதினோம் என்று நாளிட்டு எழுதச் சொல்லுங்கள். அதில் வழிகாட்டும் ஆசிரியரின் கையொப்பத்தை அந்தந்த வாரமே பெறவேண்டும். தேர்வுக்கு முந்திய நாள் கேட்டால் அவருக்கும் நினைவிராது.