ஒப்பிப்பதும் படிப்பதும்



தமிழ் நெடுங்கணக்கில் உள்ள எழுத்துகள் 247. அவை அனைத்தையும் பிழையின்றிச் சொல்லும் குழந்தைக்குப் படிக்கத் தெரியும் என்று கொள்ளலாமா? கொள்ளலாகாது. எழுத்தை அறிதல் வேறு, படித்தல் வேறு, எழுதுதல் வேறு.

'ப', 'ட', 'ம்' என்னும் மூன்றையும் கூட்டிப் 'படம்' என்று பொருளுணரும்போதே குழந்தை படிக்கத் தொடங்குகிறது. 'பம்பரம்' என்ற சொல்லில் முதற் பகரம் வன்மையாகவும், அடுத்தது மகர மெய்யைச் சார்ந்து மென்மையாகவும் ஒலிக்கின்றன. 'கே' என்பதில் கொம்பு முன்னே நிற்கிறது. அதன் ஒலியோ பின்னே வருகிறது. இவை நமக்கு எளியவை; ஆறு வயதுக் குழந்தைக்கு அரியவை.

இவ்வருமையை நம் திண்ணைப் பள்ளிகள் உணர்ந்திருந்தன. பிள்ளைகள் மணலில் விரலால் எழுதி, ஒலியை வாய்விட்டுச் சொன்னார்கள். கையும் நாவும் செவியும் ஒருங்கே பயின்றன. சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்களின் பள்ளியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல், இம்மணல் எழுத்தைத் தம் பள்ளியிற் புகுத்தினார். மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் முறையையும் சேர்த்து, 1797-இல் நூலாக வெளியிட்டார். 'சென்னை முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்தில் பரவியது.

கற்பித்தலினும் நுட்பமானது, கற்றதை அளந்தறிதல். காரைக்குடிப் பக்கத்துப் பள்ளியொன்றில் ஒரு சிறுவன் பாடம் முழுவதையும் தங்குதடையின்றிப் படித்தான். புத்தகத்தை மூடினேன்; படிப்பு நிற்கவில்லை! 'ஊருணியில் நீர் நிறைந்தது' என்று கரும்பலகையில் எழுதிக் காட்டினேன், உடனே நின்றுவிட்டது. அவன் அதுவரை செய்தது ஒப்பித்தலேயன்றிப் படித்தலன்று. ஆகவே, படிப்பை அறியப் பழகாத வாக்கியம் வேண்டும். எழுத்தை அறியப் பார்த்தெழுதுதல் போதாது. சொல்வதெழுதுதலும், தானே ஒரு வாக்கியம் அமைத்தலும் வேண்டும்.

பிழைகளும் ஒருதன்மையன அல்ல. 'பள்ளி'யைப் 'பல்லி' என்று எழுதும் குழந்தைக்குச் செவிப்பயிற்சி வேண்டும். 'தேன்' என்பதைத் 'தென்' என்று எழுதும் குழந்தைக்கோ நெடில் குறிலை வேறுபடுத்திக் காட்டவேண்டும். பத்துக்கு நான்கு என்ற மதிப்பெண் இவ்வேறுபாட்டைச் சொல்லாது.

தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம், குழந்தைகளை அவரவர் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என வகுத்துக் கற்பிக்க முற்பட்டதன் கருத்தும் இதுவே. தேர்வு, குழந்தை தடுமாறும் இடத்தைக் காட்டும் விளக்காதல் வேண்டும்.

அவ்விடம் மறைந்தே இருந்துவிட்டால், கணக்கும் அறிவியலும் கூட அக்குழந்தைக்கு எட்டாக்கனியாகும். உலகமோ அதனை மந்தபுத்தி என்றுவிடும். ஆதலால், இன்று உங்கள் தம்பி தங்கையரிடம் 'எத்தனை மதிப்பெண்?' என்று வினவாதீர்கள். அவர்கள் முன்பு கண்டிராத ஒரு வரியைக் கொடுத்து, பொறுமையோடு கேளுங்கள்.