தொண்டர்களின் கோடைப் படிப்பு

கத்திரி வெயில் தொடங்கிவிட்டது. கூட்டங்களும் ஊர்வலங்களும் ஓய்ந்து, தொண்டர்களுக்குச் சற்றே ஒழிவு கிடைக்கும் காலம் இது. இந்நாட்களில் தலைமையைப் பற்றிப் படிக்கத்தக்க நூல்கள் எவை என்று நண்பர்கள் சிலர் நம்மைக் கேட்டிருக்கின்றனர். கேள்வி நல்லதே. ஆனால் கேட்பவர்களில் பலர் உள்ளத்தில் இருப்பது, தலைவராவதற்கு ஏதேனும் குறுக்கு வழி கிடைக்குமா என்ற ஆசையே என்று நமக்குச் சந்தேகம். அத்தகைய வழி சொல்லும் புத்தகங்கள் கடைகளில் மலிந்து கிடக்கின்றன. அவற்றுக்கு நமது சிபார்சு தேவையில்லை.

நாம் முதலாவதாகச் சொல்லுவது காந்தியடிகளின் ‘தென்னாப்பிரிக்க சத்தியாக்கிரகம்’. ‘சத்திய சோதனை’யைப் படித்தவர்கள் அநேகர், இதைப் படித்தவர்கள் சிலரே. எரவாடா சிறையில் 1923-ஆம் ஆண்டு நவம்பரில், கையில் ஆதார நூல்கள் இல்லாமல், ஞாபகத்தைக்கொண்டே காந்தியடிகள் இதைச் சொல்லத் தொடங்கினார். வெற்றியைக் கூறும் நூலாயினும், ஒரு தலைவர் தம் ஜனங்களின் கோபத்துக்கு ஆளான கதையே இதில் நமக்கு முக்கியமாகத் தோன்றுகிறது.

1908-ஆம் ஆண்டு ஜனவரியில் ஸ்மட்ஸோடு அவர் சமரசம் செய்துகொண்டார். இந்தியர் தாமாகவே பதிவு செய்துகொண்டால் கறுப்புச் சட்டம் ரத்தாகும் என்பது அதன் சாரம். ஜோகன்னஸ்பர்க் கூட்டத்திலே, சமூகத்தைப் பணத்துக்கு விற்றுவிட்டார் என்றுகூட அவர்மீது பழி எழுந்தது. பிப்ரவரி 10-ஆம் தேதி, பதிவு செய்துகொள்ள முதல் ஆளாக அவர் புறப்பட்டபோது, மீர் ஆலம் என்ற பட்டாணியர் வழிமறித்துத் தடியால் அடித்து வீழ்த்தினார். காயத்தோடு படுத்திருந்த நிலையிலும் காந்தியடிகள் தம் பதிவை முடித்தார்; அடித்தவர்களை விடுதலை செய்யும்படி தந்தியும் கொடுத்தார். ஆயினும் ஸ்மட்ஸ் சட்டத்தை ரத்து செய்யவில்லை. எதிர்த்தவர்களின் சந்தேகமே மெய்யாயிற்று! இதைக் காந்தியடிகள் மறைக்கவில்லை. தம்மை இடித்துரைத்தவர்களின் வாதத்தை, அவர்களே எழுதியிருந்தால் எவ்வளவு வலிமையாக எழுதியிருப்பார்களோ அவ்வளவு வலிமையாக எடுத்துரைக்கிறார். அந்த ஆண்டு ஆகஸ்ட் 16-ஆம் தேதி இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பதிவுச் சீட்டுகள் தீயிலிடப்பட்டன. அந்தக் கூட்டத்தில் மீர் ஆலமும் வந்து, தாம் அடித்தது தவறு என்று கூறித் தம் சீட்டையும் எரிக்கக் கொடுத்தார்.

நம் கட்சிகளில் தலைவரைக் கேள்வி கேட்பவர் இன்று என்ன கதிக்கு ஆளாகிறார்? நேயர்களே இந்தப் பகுதியோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளட்டும்.

1913-ஆம் ஆண்டு நவம்பர் 6-ஆம் தேதி தொடங்கிய யாத்திரையில் ஆண்கள் 2,037 பேர், பெண்கள் 127 பேர், குழந்தைகள் 57 பேர். இவர்களில் பலர் தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒப்பந்தக் கூலிகளும் அவர்கள் குடும்பத்தாருமாவர். நாள் ஒன்றுக்கு ஒருவருக்கு ஒன்றரை ராத்தல் ரொட்டியும் கொஞ்சம் சர்க்கரையுமே உணவு. நான்கு நாட்களில் மூன்று முறை காந்தியடிகளைக் கைது செய்தார்கள், யாத்திரையோ நிற்கவில்லை. தலைவர் இல்லாதபோதும் நடக்கும்படி ஒரு கூட்டத்தைப் பழக்குவது எப்படி என்பதை அறிய விரும்புவோர் இந்த அத்தியாயங்களை இரண்டு தரம் படிக்கவேண்டும்.

அடுத்தது ஜவஹர்லால் நேருவின் சுயசரிதை. 1934-35 சிறைவாசத்தில் எழுதப்பட்டது. பீஹார் பூகம்பத்தைத் தீண்டாமைப் பாவத்தின் தண்டனை என்று காந்தியடிகள் சொன்னதை அவர் இதில் கண்டிக்கிறார். குருவிடம் பக்தியும் குறையவில்லை. இதனோடு, 1937 நவம்பரில் கல்கத்தா ‘மாடர்ன் ரிவ்யூ’வில் சாணக்கியன் என்ற பெயரில் வந்த கட்டுரையையும் தேடிப் படிக்கலாம். ஜவஹர்லாலை மூன்றாம் முறை காங்கிரஸ் தலைவராக்கக் கூடாது, அவரிடம் சர்வாதிகாரியாகும் வாசனை இருக்கிறது என்று அது எச்சரித்தது. அதை எழுதியவர் ஜவஹர்லாலேதான்!

நம் வ. உ. சிதம்பரம் பிள்ளையை விடமுடியுமா? 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவியவர். 1908-இல் இரட்டைத் தீவாந்தர தண்டனை பெற்றவர். 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தபோது கம்பெனி இல்லை. வரவேற்கப் பெருங்கூட்டமும் இல்லை. அவருடைய சுயசரிதை அகவலில் அமைந்தது. செய்யுள் என்று அஞ்சவேண்டாம், எளிய நடைதான். சுயமுன்னேற்ற நூல்களைப் பற்றி மேலே சற்றுக் கடுமையாகப் பேசிவிட்டோம். பிள்ளையவர்களே ஜேம்ஸ் ஆலனின் நூல்களை ‘மனம் போல வாழ்வு’, ‘அகமே புறம்’ என்று தமிழாக்கியவர் என்பதும் நமக்கு நினைவிருக்கிறது. செக்கிழுத்தவர் கையிலிருந்து வந்தால் அத்தகைய நூலுக்கும் தனி மதிப்பு உண்டு.

திருக்குறளில் பொருட்பால் எழுபது அதிகாரங்களையும் ஒரு கோடையில் முடிக்கச் சொல்லவில்லை. தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்ற இரண்டையும் வேட்பாளர் தேர்வுக்கு முன்னும், பெரியாரைத் துணைக்கோடலைப் பதவி கிடைத்த பின்னும் படித்தால் போதும்.

விலை கொடுத்து வாங்க இயலாதவர்கள் ஊர் நூலகத்தில் கேட்கலாம். மாலையில் பத்துப் பேர் கூடி, ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்பது நம் பழைய முறை. முதல் வாரத்துக்குத் தென்னாப்பிரிக்க நூலையே எடுத்துக்கொள்ளலாம். மீர் ஆலம் வரும் அத்தியாயத்தை, கட்சியில் அடிக்கடி குறை சொல்லும் நண்பர் ஒருவரைக்கொண்டு வாசிக்கச் செய்யலாம்.