தமக்குத் தாமே அளவுகோல்

சிவப்பு மையில் 'பச்சை' என்ற சொல் எழுதப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சொல்லைப் படிக்காமல், மையின் நிறத்தை மட்டும் கூறுங்கள். நா சற்றுத் தடுமாறும், அல்லவா?

இத்தடுமாற்றத்தை அளந்து, அமெரிக்க உளவியலார் ஸ்ட்ரூப் 1935-இல் வெளியிட்டார். வெறும் நிறச் சதுரங்கள் கொண்ட தாளை ஒரு குழுவுக்கும், முரண்பட்ட சொற்கள் கொண்ட தாளை வேறொரு குழுவுக்கும் அவர் கொடுத்திருக்கலாம். ஆனால், இயல்பாகவே விரைந்து பேசுவோர் ஒரு குழுவில் மிகுந்திருந்தால்? வேறுபாடு தாளினால் வந்ததா, ஆளினால் வந்ததா என்று கூற இயலாது. எனவே, 100 மாணவர்களுக்கும் இரு தாள்களையுமே கொடுத்தார். ஒவ்வொருவரும் தமக்குத் தாமே அளவுகோல் ஆயினர்.

இதிலும் ஓர் இடர் உண்டு. முதல் தாளில் பெற்ற பழக்கம் அடுத்ததை எளிதாக்கலாம், களைப்போ கடினமாக்கலாம். ஆகவே, பாதிப் பேருக்கு வரிசையை மாற்றிக் கொடுத்தார். பழக்கமும் களைப்பும் இரு தாள்களுக்கும் சமமாகப் பங்கிடப்பட்டன.

நூறு நிறங்களைக் கூறச் சதுரத்தாளுக்குச் சராசரியாக 63.3 வினாடிகள் ஆயின, சொற்தாளுக்கு 110.3 வினாடிகள்!

எல்லாச் சோதனைக்கும் இம்முறை பொருந்துமா? பொருந்தாது. ஒரே பாடத்தைக் கற்பிக்கும் இரு முறைகளை ஒப்பிட வேண்டுமானால், ஒரு முறையில் கற்றதை மாணவர் மனத்திலிருந்து அழித்துவிட்டு, மறுமுறையில் கற்பிக்க முடியாதே! அங்கே இரு குழுக்கள்தாம் வேண்டும்.