மாவனல்லையில் வீழ்ந்த கான்ஸ்டபிள் சபானும் நாம் மறந்த பாடமும்

கொழும்பு – கண்டி வீதியில் கேகாலையைத் தாண்டி மாவனல்லையை நெருங்கும்போது உதுவன்கந்த மலை கண்ணில் படும். சிறு வயதில் பஸ் அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் வாப்பா ஜன்னலுக்கு வெளியே கைகாட்டி, "அந்தா பாரு, சரதியேல் ஒளிஞ்சிருந்த மலை" என்பார். பணக்காரரிடம் பறித்து ஏழைகளுக்குக் கொடுத்த கதைகளை எல்லாம் சொல்வார். கடைசியில், "அவனுக்கு எங்கட ஆளொருத்தனும் கூட்டாளியா இருந்தான், மம்மலே மரிக்கார்" என்று முடிப்பார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமையும் இருக்கும்.

அந்தக் கதையில் இன்னொரு முஸ்லிமும் இருந்தார். அவருடைய பெயரை வாப்பா ஒரு நாளும் சொன்னதில்லை. அவருக்குத் தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன். எனக்கும் வளர்ந்து வெகுகாலத்துக்குப் பிறகுதான் தெரிய வந்தது. அவர்தான் பொலிஸ் கான்ஸ்டபிள் துவான் சபான்.

1864 மார்ச் 21ஆம் திகதி மாவனல்லையில் சரதியேலைப் பிடிக்கச் சென்ற பொலிஸாருடன் சபானும் சென்றார். அங்கு நடந்த மோதலில் மம்மலே மரிக்காரின் துப்பாக்கிச் சூட்டுக்கு இலக்காகி அவர் உயிரிழந்தார். சரதியேலும் மரிக்காரும் பிடிபட்டார்கள். அதே ஆண்டு மே 7ஆம் திகதி இருவரும் கண்டியில் தூக்கிலிடப்பட்டார்கள்.

இலங்கையில் கடமையின்போது உயிர்நீத்ததாகப் பதிவான முதலாவது பொலிஸ் உத்தியோகத்தர் சபான்தான். ஒவ்வொரு வருடமும் மார்ச் 21ஆம் திகதி பொலிஸ் வீரர்கள் தினமாக அனுஷ்டிக்கப்படுவது அவர் இறந்த நாளை வைத்துத்தான். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று அன்றைய தினம் நினைவுகூரப்படும் ஆயிரக்கணக்கான பொலிஸாரின் வரிசை ஒரு மலாய் முஸ்லிமின் பெயரிலிருந்துதான் தொடங்குகிறது. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

சபான் பொலிஸில் இருந்தது தற்செயலானதல்ல. ஒல்லாந்தர் காலத்தில் ஜாவா உள்ளிட்ட தீவுகளிலிருந்து சிப்பாய்களாகவும் நாடுகடத்தப்பட்டவர்களாகவும் இங்கு வந்து சேர்ந்தவர்களின் வழித்தோன்றல்களே இலங்கை மலாயர்கள். ஆங்கிலேயர் காலத்தில் 'சிலோன் ரைபிள்ஸ்' படைப்பிரிவில் அவர்களே பெரும்பான்மையாக இருந்தார்கள். 1873இல் அந்தப் படைப்பிரிவு கலைக்கப்பட்டபோது பலர் பொலிஸ் சேவைக்கும் தீயணைப்புச் சேவைக்கும் மாறினார்கள். அதற்கு முன்பே பொலிஸில் சேர்ந்தவர்களில் ஒருவர்தான் சபான். இன்றைக்கும் நமது பொலிஸ் சேவைக்கு அடிப்படையாக இருக்கும் 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க பொலிஸ் கட்டளைச் சட்டம் அவர் இறந்து மறு வருடமே வந்தது. பொலிஸ் தினமாகக் கொண்டாடப்படும் செப்டம்பர் 3, கேம்பல் என்ற ஆங்கிலேயர் 1866இல் பொலிஸின் தலைமைப் பொறுப்பை ஏற்ற நாள். சட்டமும் தலைமையும் ஒழுங்காக அமைவதற்கு முன்பே ஒரு கான்ஸ்டபிள் தன் உயிரைக் கொடுத்துவிட்டிருந்தார்.

இந்தச் சம்பவத்தில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது வேறொரு விடயம். சுட்டவரும் முஸ்லிம், சுடப்பட்டவரும் முஸ்லிம். ஒருவர் சோனகர், மற்றவர் மலாயர். 'முஸ்லிம்கள் சட்டத்தை மதிக்காதவர்கள்' என்று சொல்ல விரும்புபவருக்கு மரிக்கார் போதும். 'முஸ்லிம்கள் இந்த நாட்டுக்காக உயிர் கொடுத்தவர்கள்' என்று சொல்ல விரும்புபவருக்கு சபான் போதும். இரண்டுமே பாதி உண்மைதான். மரிக்கார் ஒரு சமூகத்துக்காகச் சுடவில்லை. சபானும் ஒரு சமூகத்துக்காக அங்கே போகவில்லை. குற்றங்களைத் தடுப்பதும், அமைதியைப் பேணுவதும், குற்றவாளிகளைச் சட்டத்தின் முன் நிறுத்துவதும் பொலிஸ் உத்தியோகத்தரின் கடமை என்று அந்தக் கட்டளைச் சட்டத்தின் 56ஆம் பிரிவு சொல்கிறது. குற்றவாளி எந்த இனத்தவர் என்ற கேள்விக்கு அதில் இடமில்லை.

இதை எழுதுவது எளிது. நானே இதை மறந்த ஒரு நாள் உண்டு.

2018 நவம்பர் 30ஆம் திகதி மட்டக்களப்பு வவுணதீவில் காவலரணில் கடமையிலிருந்த இரண்டு பொலிஸ் கான்ஸ்டபிள்கள் கொல்லப்பட்டார்கள். ஒருவர் சிங்களவர், மற்றவர் தமிழர். அன்று காலை ஒரு தேநீர்க் கடையில் பத்திரிகையோடு இருந்தேன். பக்கத்திலிருந்தவர், "அது புலிகள்ட வேலையா இருக்கும், அவங்கட பிரச்சினை, எங்களுக்கென்ன" என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

பொலிஸாரும் அப்படித்தான் நினைத்தார்கள். முன்னாள் புலி உறுப்பினர் ஒருவர் கைதுசெய்யப்பட்டு மாதக்கணக்கில் தடுத்து வைக்கப்பட்டார். 2019 ஏப்ரல் 21 தாக்குதலுக்குப் பிறகுதான் அந்த இரண்டு கான்ஸ்டபிள்களையும் கொன்றது ஸஹ்ரானின் குழு என்பது தெரியவந்தது. ஒரு நிரபராதி சிறையிலிருந்தார். உண்மையான கொலைகாரர்கள் வெளியில் அடுத்த தாக்குதலுக்கு ஆயத்தமாகிக் கொண்டிருந்தார்கள். அந்தக் கொலையின் உண்மை அன்றைக்கே வெளிவந்திருந்தால் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் இறந்தவர்கள் இன்று நம்மோடு இருந்திருக்கக் கூடும்.

அந்தத் தேநீர்க் கடையில் எனது மௌனம் விசாரணையை மாற்றியிருக்காது. ஆனாலும், ஒரு பொலிஸ்காரரின் மரணத்தை 'யாருடைய பிரச்சினை' என்று பிரித்துப் பார்த்தவர்களில் நானும் ஒருவன். அந்தப் பார்வைதான் பொலிஸையும் தவறான வாசலுக்குக் கொண்டுபோய் நிறுத்தியது.

அதே மாதங்களில் மாவனல்லை மறுபடியும் செய்திகளில் வந்தது. 2018 டிசம்பரில் அங்கே புத்தர் சிலைகள் சேதப்படுத்தப்பட்டன. அந்த விசாரணை புத்தளம் வண்ணாத்திவில்லுவில் மறைத்து வைக்கப்பட்டிருந்த வெடிபொருட்கள் வரை போனது. அதில் பொலிஸாருக்கு உதவியவர்களில் மாவனல்லை முஸ்லிம் ஒருவரும் இருந்தார். 2019 மார்ச் மாதம், தன் வீட்டில் உறங்கிக்கொண்டிருந்த அவரைத் தீவிரவாதிகள் தலையில் சுட்டார்கள். அல்லாஹ்வின் அருளால் உயிர் தப்பினார். ஆனால் பழைய நிலைக்கு அவரால் திரும்ப முடியவில்லை. சபான் வீழ்ந்து 155 வருடங்களுக்குப் பிறகு, அதே ஊரில், அதே மார்ச் மாதத்தில், சட்டத்தின் பக்கம் நின்றதற்காக இன்னொரு முஸ்லிம் சுடப்பட்டார். அடுத்த மாதம் தெமட்டகொடையில் ஒரு வீட்டைச் சோதனையிடப் போன மூன்று பொலிஸார் குண்டு வெடித்து இறந்தார்கள். வெட்கத்திலும் பயத்திலும் உறைந்திருந்த நாம் அவர்களது குடும்பங்களைப் பற்றி அந்த நேரத்தில் சரியாகப் பேசவுமில்லை.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். 2014இல் அளுத்கமவில் பொலிஸ் என்ன செய்தது? 2018 மார்ச்சில் திகனயில் கடைகளும் பள்ளிவாசல்களும் எரியும்போது பொலிஸ் எங்கே நின்றது? இந்தக் கேள்விகளைக் கைவிடச் சொல்லி நான் எழுதவில்லை. நிறுவனம் தவறும்போது கேள்வி கேட்பது நமது உரிமை. கடமையில் இறந்தவரை மதிப்பது வேறு, நிறுவனத்தின் தவறுகளை மன்னிப்பது வேறு. சொல்லப்போனால், சபானை அறிந்தவனுக்குத்தான் திகனயில் கைகட்டி நின்ற சீருடையைக் கேள்வி கேட்கும் தகுதி அதிகம். அந்தச் சீருடைக்கு என்ன விலை கொடுக்கப்பட்டது என்று அவனுக்குத் தெரியும்.

1990 ஜூன் மாதம் கிழக்கில் பொலிஸ் நிலையங்களை விட்டுச் சரணடையுமாறு உத்தரவு வந்தபோது அதற்குக் கீழ்ப்படிந்து, பின்னர் புலிகளால் கொல்லப்பட்ட சுமார் 600 பொலிஸாரிலும் முஸ்லிம்கள் இருந்தார்கள். அவர்களின் பிள்ளைகள் இன்று நம்மிடையே நடுத்தர வயதில் வாழ்கிறார்கள். எந்த மேடையிலும் அவர்களை நாம் அழைத்ததில்லை.

இறந்த பொலிஸ்காரரை எப்படி நினைவுகூர வேண்டும் என்பதற்கு யாழ்ப்பாணத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. 2017 ஜூலை 22ஆம் திகதி நல்லூரில் நீதிபதி இளஞ்செழியன் பயணித்த இடத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது. பல வருடங்களாக அவரது மெய்ப்பாதுகாவலராக இருந்த சார்ஜன்ட் சரத் ஹேமச்சந்திர காயமடைந்து உயிரிழந்தார். சிலாபம் பக்கத்தைச் சேர்ந்த சிங்களவர் அவர். அவருடைய மனைவியின் காலில் விழுந்து தமிழ் நீதிபதி அழுத காட்சியை நாடே பார்த்தது. அத்தோடு அவர் நிற்கவில்லை. அந்தப் பிள்ளைகளைத் தன் பிள்ளைகளாக ஏற்றுக்கொண்டார். எந்த அறிக்கையும் அறிவுரையும் செய்யாத வேலையை அந்த ஒரு செயல் செய்தது.

நாமும் செய்யக்கூடியவை சில உண்டு. மார்ச் 21ஆம் திகதி நமது பாடசாலைகளின் காலைக்கூட்டத்தில் சபானின் கதையை ஐந்து நிமிடம் சொல்லலாம். ஊரில் கடமையின்போது இறந்த பொலிஸாரின் குடும்பம் இருந்தால், எந்த இனமானாலும், பள்ளிவாசல் நிர்வாகம் ஒருமுறை வீடுதேடிப் போய் வரலாம். பொலிஸ் சேவையில் சேர விரும்பும் நமது இளைஞர்களையும் யுவதிகளையும் "அது நமக்குச் சரிவராது" என்று தடுக்காமல் இருக்கலாம். பொலிஸ் நிலையத்தில் தமிழில் முறைப்பாடு எழுத ஆளில்லை என்று குறைப்படும் நாம், எழுதக்கூடிய பிள்ளைகளை அங்கு அனுப்பவும் வேண்டும்.

வாப்பா இப்போது இல்லை. உதுவன்கந்தையின் அடிவாரத்தில் சரதியேலின் பெயரில் ஒரு கிராமமே சுற்றுலாத் தலமாக அமைந்திருக்கிறது. போன விடுமுறையில் அந்த வழியாகப் போனபோது எனது மகன், "இதுதானா சரதியேல்ட மலை?" என்று கேட்டான். ஆமென்றேன். பிறகு, அவனைப் பிடிக்கப் போன கான்ஸ்டபிள் ஒருவர் இருந்தார் என்று சொல்லத் தொடங்கினேன். மாவனல்லை நகரம் வரும்வரை அவன் கேட்டுக்கொண்டே வந்தான்.