இல்லக் கணினியும் கோப்பு முறைமைத் தேர்வும்

மலையகத் தமிழ்க் குடும்பங்களின் குடியுரிமை நெடுங்காலம் ஒரு சில தாள்களை நம்பியே நின்றது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தந்தைவழி முன்னோர் இத்தீவிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. லயங்களிற் பிறந்து லயங்களிலேயே மறைந்த மூதாதையர்க்கு அத்தகைய பத்திரம் எங்ஙனம் கிடைக்கும்? 1964ஆம் ஆண்டில் சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கை வந்தது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு நிரந்தரமாக வசித்தோர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை வழங்கியது. ஆதலின் பிறப்பத்தாட்சிப் பத்திரம், பழைய கடவுச்சீட்டு, தோட்டத்துப் பதிவின் பிரதி ஆகியன இங்குள்ள இல்லங்களிற் பொன்னினும் மேலாகப் போற்றப்படுதல் வியப்பன்று.

கொத்மலைப் பகுதியின் பனியும் ஈரமும் தாளுக்குப் பகை. எனவே இப்பத்திரங்களைப் படமாக்கிக் கணினியில் வைத்தல் இன்று வழக்கமாகி வருகின்றது. கணினி இப்பகுதிக்குப் புதியதுமன்று. 1989இல் தொடங்கிய கொத்மலைச் சமுதாய வானொலி, யுனெஸ்கோவின் துணையுடன் 1999ஆம் ஆண்டளவில் இணையத்தை வானொலியோடு இணைத்தது. நேயர் கேட்ட வினாக்களுக்கு அறிவிப்பாளர் இணையத்தில் விடை தேடி ஒலிபரப்பினர். உலகெங்கும் எடுத்துக்காட்டாகப் பேசப்பட்ட முயற்சி அது. ஆயினும், கணினியுட் புகுந்த பத்திரம் காக்கப்பட்டுவிட்டது என்று கருதுதல் பொருந்தாது. அது வன்தட்டில் எவ்வாறு எழுதப்படுகின்றது என்பதை அறிதல் வேண்டும்.

வன்தட்டு என்பது எண்ணற்ற சிறு கட்டங்களாகப் பகுக்கப்பட்ட ஒரு பரப்பு. ஒரு படத்தின் கூறுகள் அக்கட்டங்களில் ஆங்காங்கே சிதறிக் கிடக்கலாம். எக்கோப்பு எக்கட்டங்களில் உள்ளது, எவை வெறுமையாய் உள்ளன என்பவற்றைக் கணக்கு வைத்துக் காக்கும் ஒழுங்கே கோப்பு முறைமை எனப்படும். கணக்குக் கெட்டால், பொருள் தட்டில் இருந்தும் இல்லாததற்கே ஒப்பாகும்.

இக்கணக்கு எப்பொழுது கெடுகின்றது? பெரும்பாலும் எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் அறுந்துவிட்டால். மின்னாக்கத்திற்கெனப் பேரணை கட்டிய கொத்மலைக்கு இவ்விடர் நன்கு தெரியும். 2021 டிசெம்பர் 3ஆம் நாளும் 2023 டிசெம்பர் 9ஆம் நாளும் தீவு முழுவதும் இருளில் மூழ்கியது. இரு முறையும் பழுது நேர்ந்தது கொத்மலை – பியகம மின்கடத்திப் பாதையிலேயே. 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேர மின்வெட்டும் இருந்தது. பருவமழைகளுக்கு இடைப்பட்ட மார்ச்சு, ஏப்பிரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மாலைதோறும் இடிமின்னல் வேறு. கொழும்பிலோ இலண்டனிலோ இருப்பவர்க்கு எளிய விருப்பமாகத் தோன்றுந் தேர்வு, இங்கு இன்றியமையாததாகின்றது.

பழைய முறையாகிய ஃபாட் 1977இல் தோன்றியது; அதன் பிற்கால வடிவமாகிய ஃபாட்32 1996இல் வந்தது. இதிலே ஒரு கோப்பைச் சேர்க்க, கோப்பின் உட்பொருள், அடைவுப் பதிவு, கட்டங்களின் அட்டவணை என மூவிடங்களில் எழுத வேண்டும். இரண்டு இடங்களில் எழுதி, மூன்றாவதை எழுதுமுன் மின்சாரம் நின்றால் அவை ஒன்றோடொன்று முரண்படும். எது சரி, எது பிழை என்று சொல்வதற்கு அங்கே சாட்சி எதுவுமில்லை. அட்டவணைக்கு இரண்டாம் படி ஒன்று உண்டெனினும், இவ்விடரை அது தீர்ப்பதில்லை. நான்கு கிகாபைற்றை எட்டும் கோப்பையும் ஃபாட்32 ஏற்காது. 2006இல் வந்த எக்ஸ்ஃபாட் அவ்வெல்லையை நீக்கியது, சாட்சியின்மையை நீக்கவில்லை. பென்டிரைவில் ஒரு பொருளைக் கொண்டு செல்வதற்கு இவை போதும். குடும்பத்தின் ஒரே பிரதியை இவற்றில் வைத்தல் தகாது.

சாட்சியை உண்டாக்கிய முறையே குறிப்பேட்டு முறை. கொழுந்து நிறுக்கும் இடத்திலே கணக்கப்பிள்ளை ஒவ்வொரு நிறையையும் முதலிற் கைக்குறிப்பேட்டில் எழுதி, பின்னர் பெரிய ஏட்டிற் பதிகின்றார் என்று கொள்வோம். பெரிய ஏட்டில் எழுதும்போது மழை கொட்டிப் பாதியில் விட நேர்ந்தால், மறுநாள் கைக்குறிப்பைப் பார்த்து எஞ்சியதை நிறைவு செய்யலாம். கைக்குறிப்பே அரைகுறையாயின் அதனைத் தள்ளிவிடலாம். பெரிய ஏடு பழையபடி ஒழுங்காகவே இருக்கும். 1993இல் விண்டோஸ் என்.டி.யுடன் வந்த என்.டி.எப்.எஸ்., லினக்ஸுக்கென 2001இல் வந்த எக்ஸ்ட்3, 2008இல் நிலைபெற்ற எக்ஸ்ட்4 ஆகிய மூன்றும் இவ்வழி நிற்பன. மின்சாரம் மீண்டதும் இவை தம் குறிப்பேட்டைப் படித்துக் கணக்கைச் சில விநாடிகளில் நேர்செய்துகொள்கின்றன.

ஈண்டு ஒரு நுட்பம் கவனித்தற்குரியது. இக்குறிப்பேடு வழக்கமாகக் காப்பது கணக்கை மட்டுமே, கோப்பின் உட்பொருளையன்று. சேமித்தாயிற்று என்று திரை காட்டிய பின்னரும் பொருள் சிறிது நேரம் நினைவகத்திலேயே தங்கியிருக்கும். லினக்ஸில் இத்தாமதம் முப்பது விநாடியளவும் ஆகலாம். அவ்விடைவேளையில் விளக்கு அணைந்தால் முறைமை பிழைக்கும்; புதிய கோப்பு போய்விடும். ஆகவே மின்கலமுள்ள மடிக்கணினியோ, மேசைக் கணினிக்கு ஒரு யு.பி.எஸ். கருவியோ, எம்முறைமையைத் தேர்ந்தாலும் வேண்டப்படுவதே. முறைமையின் பெயரைப் பற்றி நீண்ட வாதம் புரிவோர் இச்சிறு செலவை மறந்துவிடுகின்றனர்.

இரண்டாவது இடர் ஓசையின்றி வருவது. ஆண்டுகள் செல்லத் தட்டிலுள்ள ஒரு துணுக்கு தானே மாறிவிடலாம். பத்திரத்தின் படத்தில் ஒரு பகுதி திறவாமலோ நிறம் சிதைந்தோ போகலாம். என்.டி.எப்.எஸ்., எக்ஸ்ட்4 இரண்டும் உட்பொருளின் மாற்றத்தைத் தாமாக உணர்வதில்லை. 2005இல் வெளிவந்த இசட்.எப்.எஸ்., 2009இல் லினக்ஸிற் சேர்ந்த பி.டி.ஆர்.எப்.எஸ். ஆகியன ஒவ்வொரு கட்டத்திற்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணித்து வைத்து, படிக்குந்தோறும் ஒப்பிடுகின்றன. பழையதன் மேல் எழுதாது புதிய இடத்தில் எழுதிப் பின்னரே கணக்கை மாற்றுவதும் இவற்றின் இயல்பு. ஆயினும் பிழையைக் காணுதல் வேறு, திருத்துதல் வேறு. திருத்துவதற்கு நற்பிரதி இன்னொன்று வேண்டும். அதற்கு இரு தட்டுகளை இணைத்துப் பொருளை இரண்டிலும் எழுதச் செய்தல் வேண்டும். தட்டு ஒன்றே உள்ள இல்லத்தில், கோப்பு கெட்டது என்ற செய்தியை மட்டும் அவை தரும். அதுவும் பயனற்றதன்று, கெட்ட பிரதியை நல்லதென்று எண்ணி மேன்மேலும் படியெடுக்கும் அவலம் அதனால் தடைபடும்.

இவற்றை நோக்குமிடத்து, விண்டோஸ் வைத்திருப்போர் என்.டி.எப்.எஸ்.ஸையும், லினக்ஸ் வைத்திருப்போர் எக்ஸ்ட்4ஐயும் மேற்கொள்வதே தக்கது. பழுது நேர்ந்தால் அருகிலுள்ள கடைக்காரருக்கும் தெரிந்த முறைமைகள் இவை. அட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ தட்டைச் சுமந்து செல்வோர்க்கு இதுவும் ஒரு தகுதியே. இரு தட்டு வாங்கும் வசதியும் கற்கும் பொறுமையும் உடையோர் பி.டி.ஆர்.எப்.எஸ்.ஸையோ இசட்.எப்.எஸ்.ஸையோ நாடலாம்.

எம்முறைமையும் மண்சரிவை நிறுத்தாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டிற் செய்த அழிவு யாவரும் அறிந்ததே. ஒரே கூரையின் கீழ் எத்தனை தட்டு இருந்தாலும் அவை ஒன்றாகவே போகும். எனவே ஒரு பிரதி வேறூரில் உறவினர் இல்லத்தில் இருத்தல் வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறையேனும் அதனைத் திறந்து பார்த்தலும் வேண்டும்.

தமிழிற் பெயரிடுவோர்க்கு இன்னுமொரு செய்தி. என்.டி.எப்.எஸ்.ஸில் ஒரு கோப்பின் பெயர் 255 குறியலகு வரை நீளலாம். எக்ஸ்ட்4இல் எல்லை 255 பைற்று. ஒருங்குறியின் யு.டி.எப்.-8 வடிவில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைற்று கொள்ளும். உயிர்க்குறி ஏற்ற உயிர்மெய்யெழுத்து திரையில் ஓரெழுத்தாகத் தோன்றினும், மெய்க்கொன்றும் உயிர்க்குறிக்கொன்றுமாக இரண்டாகவே எண்ணப்படும். கொத்மலை என்னும் நான்கெழுத்துச் சொல் ஏழு குறியாகி 21 பைற்றைக் கொள்கின்றது. ஆகவே எக்ஸ்ட்4இல் 85 குறிக்கு மேற்பட்ட தமிழ்ப்பெயர் அமையாது. விண்டோஸில் வைத்த நெடும்பெயர்க் கோப்பு லினக்ஸ் தட்டிற்குப் படியெடுக்கும்போது ஏற்கப்படாது நின்றுவிடும். பாட்டனார் பெயர், தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர், ஆண்டு என எல்லாவற்றையும் கோப்பின் பெயரிலேயே அடுக்காது, தோட்டத்திற்கொரு கோப்புறையும் ஆளுக்கொரு கோப்புறையும் அமைத்து, கோப்பிற்கு ஆண்டையும் பத்திரத்தின் வகையையும் மட்டும் பெயராக இடுதல் நன்று.